மொங்கோலிய முன்கள வீராங்கனையின் கோல் கணக்கை எப்படி வாசிப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மொங்கோலியத் தேசிய மகளிர் உதைபந்தாட்ட அணியின் முன்கள வீராங்கனை ஒருவரைப் பற்றி வெளியான குறிப்பைப் படித்தோம். கிரிக்கெட்டும் பிரிமியர் லீக்கும் நிரம்பி வழியும் பக்கத்தில் அப்படி ஒருவருக்கு இடம் கிடைத்தது மெச்சத்தக்கது. ஆனால் இத்தனை போட்டி, இத்தனை கோல் என்று இரண்டு எண்களோடு குறிப்பு முடிந்துவிட்டது. மொங்கோலியா போன்ற ஒரு நாட்டின் முன்கள வீராங்கனையை அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எடைபோட்டால், ஒன்றில் அவரைக் குறைத்து மதிப்பிடுவோம், இல்லையேல் தேவைக்கு மேல் தூக்கிவைப்போம். எதிரணி எது, களத்தில் நின்றது எத்தனை நிமிடம், போட்டி என்ன வகை என்ற மூன்றும் கோலோடு சேர்ந்து வரவேண்டும். எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதும் பத்திரிகைகள் அந்த இரண்டு எண்களோடுதான் நிறுத்திக்கொள்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தோம்.

முதலில் எதிரணி. மொங்கோலியா கிழக்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தைச் சேர்ந்த நாடு. பத்து அங்கத்தவர்கள் உள்ள அந்தச் சம்மேளனத்தில் 2011இல் மகளிர் உலகக் கிண்ணம் வென்ற ஜப்பானும் இருக்கிறது. சனத்தொகை ஐம்பதாயிரத்தைச் சுற்றி நிற்கும் வட மரியானா தீவுகளும் இருக்கின்றன. சீனா, இரு கொரியாக்கள் ஒரு பக்கம், குவாம், மக்காவ் மறுபக்கம். நடுத்தர அணி என்று சொல்லக்கூடியவை மிகக் குறைவு. மொங்கோலிய மகளிர் அணியோ சர்வதேச அரங்கில் காலடி வைத்ததே 2010களின் பிற்பகுதியில்தான். ஆகவே அந்த அணியில் முன்களத்தில் ஆடுபவருக்கு ஒரு தொடரில் தனக்குச் சமமான தீவு அணியொன்றுக்கு எதிராக இரண்டு மூன்று கோல் கிடைக்கலாம். அடுத்த தொடரில் எதிரணியின் பெனால்டி எல்லைக்குள் பந்தோடு நுழையும் வாய்ப்புக்கூட வராமல் போகலாம். இரண்டிலும் ஆடியவர் ஒருவரே, அவருடைய திறமையும் ஒன்றே.

ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில், 2023 செப்டெம்பரில், சீனா மொங்கோலியாவை 16–0 என்று வென்றது. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில், 2025 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், இந்தியா 13–0 என்று வென்றது. பியாரி சாக்சா மட்டும் ஐந்து கோல் போட்டார். அதே குழுவில் ஜூலை 5 அன்று தாய்லாந்தை 2–1 என்று வென்றுதான் இந்தியா ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. இந்திய முன்களத்தினரின் கோல் கணக்கில் அந்த ஒரு நாள் எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள். பியாரி சாக்சா தரமான வீராங்கனை, அதில் இரண்டாம் கருத்து இல்லை. என்றாலும் அந்த ஐந்து கோல்களையும் தாய்லாந்துக்கு எதிராகச் சங்கீதா பாஸ்போர் போட்ட இரண்டு கோல்களையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டுவது சரியாகாது.

13–0 என்ற ஆட்டத்தில் தோற்கும் அணியின் முன்களத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதை யாரும் எழுதுவதில்லை. கோல் வாங்கிய அணிதான் மைய வட்டத்திலிருந்து ஆட்டத்தை மீள ஆரம்பிக்க வேண்டும். பதின்மூன்று கோல் என்றால் பதின்மூன்று ஆரம்ப உதை. இரண்டு பாதிகளில் ஒன்றின் தொடக்கமும் அந்த அணிக்கே உரியதால் மொத்தம் பதினான்கு, இடைவேளை விசிலோடோ கடைசி விசிலோடோ கோல் விழாத பட்சத்தில். சில ஆட்டங்களில் அவருடைய கால் பந்தைத் தொட்ட தடவைகளில் கணிசமானவை மையப் புள்ளியில்தான் நடந்திருக்கும். 2016இல் விதி மாறிய பின்னர் ஆரம்ப உதையை எத்திசையிலும் உதைக்கலாம். ஆகவே பந்தை நேரே பின்னுக்கு, தற்காப்பு நடுக்கள வீராங்கனைக்குக் கொடுக்கிறார்கள். அழுத்தம் தாங்காமல் அவர் நீளமாக உதைத்துவிட, பந்து எதிரணியின் மத்திய பின்கள வீராங்கனையின் தலைக்குப் போகிறது. இருபது விநாடியில் மறுபடியும் தாக்குதல். இதை உடைப்பதற்கு முன்கள வீராங்கனைக்கு உள்ள வழி ஒன்றுதான். ஆரம்ப உதை முடிந்ததும் பக்கக் கோட்டை நோக்கி ஓடி, நீளமாக வரும் பந்தை முதுகால் எதிராளியை மறித்துக்கொண்டு காலடியில் நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் எதிராளியின் காலில் பட்டு வெளியே போகச் செய்து எறிபந்து வாங்க வேண்டும், அல்லது சுயாதீன உதை ஒன்றைச் சம்பாதிக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் பத்து, பதினைந்து விநாடிகளில் பின்களத்தினர் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள், வரிசை மீண்டும் ஒழுங்காகிறது. 16–0 என்று போயிருக்க வேண்டிய ஆட்டம் 9–0 என்று முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். புள்ளிவிபரப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

அடுத்தது நிமிடம். போட்டி எண்ணிக்கையில் எண்பத்தேழாவது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக இறங்குவதும் ஒன்று, தொண்ணூறு நிமிடம் ஓடுவதும் ஒன்று. ஒரு கற்பனைக் கணக்கு: ஒருவர் 12 போட்டிகளில் 540 நிமிடம் ஆடி 6 கோல். தொண்ணூறு நிமிடத்துக்கு 1.0. இன்னொருவர் அதே 12 போட்டிகளில் 1,000 நிமிடம் ஆடி 2 கோல். தொண்ணூறு நிமிடத்துக்கு 0.18. முதலாமவரின் ஆறில் நான்கு ஒரே நாளில் ஒரு தீவு அணிக்கு எதிராக விழுந்தவை, இரண்டாமவரின் இரண்டும் தாய்லாந்து, வியட்நாம் போன்ற அணிகளுக்கு எதிராக விழுந்தவை என்றால், ஒரு பயிற்றுநர் முதலில் யாரை அழைப்பார்? பெரும்பாலும் இரண்டாமவரைத்தான். தண்டனை உதையில் (பெனால்டி) வந்த கோலைத் தனியாகக் காட்டுவதும் அவசியம். ஐந்து கோலில் மூன்று தண்டனை உதை என்றால் அது அணிக்குள் அவருக்கு இருக்கும் பொறுப்பைக் காட்டுகிறது, ஓட்டத்தில் கோல் போடும் வல்லமையை அல்ல.

போட்டி வகையில்தான் பத்திரிகைகள் அதிகம் தடுமாறுகின்றன. ஆண்கள் ஒலிம்பிக் உதைபந்தாட்டம் 23 வயதுக்குட்பட்டோருக்கானது, தேசிய அணிக் கணக்கில் அது சேராது. பெண்களுக்கு அந்த வயதெல்லை கிடையாது. ஒலிம்பிக் தகுதிகாண் போட்டி முழுமையான தேசிய அணிப் போட்டி. ஆண்கள் கணக்கை எழுதிப் பழகிய கை, பெண்களின் ஒலிம்பிக் தகுதிகாண் கோல்களையும் கழித்துவிடுகிறது. ஆசிய விளையாட்டு விழாவிலும் இதே தவறு நடக்கிறது. மறுபுறத்தில், 16 வயது, 19 வயதுப் பிரிவுகளில் போட்ட கோல்களைத் தேசிய அணிக் கணக்கோடு கூட்டிவிடுவதும் உண்டு. நட்புப் போட்டிகளில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் மாற்று வீராங்கனைகளை இறக்கினால் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அதை ‘ஏ’ நிலைப் போட்டியாக, அதாவது முழுமையான தேசிய அணிப் போட்டியாக, ஏற்காது. சிறிய நாடுகள் பயிற்சிக்காக அப்படி அடிக்கடி ஆடுவதுண்டு. உள்ளரங்கு ஃபுட்சால் கோல்கள் முற்றிலும் வேறு கணக்கு.

ஃபுட்சாலைச் சொன்னதால் மொங்கோலியாவின் காலநிலையையும் சொல்லியாக வேண்டும், அங்கு முன்கள வீராங்கனையின் ஆட்டத்தைச் செதுக்குவது அதுதான். உலகிலேயே மிகக் குளிரான தலைநகரம் உலான்பாதர். ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை வரை இறங்கும். வெளிமைதான ஆட்டம் வசந்தத்தில் தொடங்கி ஒக்டோபரோடு முடிகிறது. எஞ்சிய மாதங்கள் உள்ளரங்கில்: 40 மீற்றருக்கு 20 மீற்றர் தரை, பக்கத்துக்கு ஐந்து பேர், குறைவாகத் துள்ளும் நான்காம் இலக்கப் பந்து. இதில் வளரும் முன்கள வீராங்கனைக்குச் சில திறன்கள் அபாரமாக அமையும். பாதத்தின் அடிப்பகுதியால் பந்தை அடக்குவது, முதுகுப்புறம் எதிராளி நிற்கும்போதே திரும்புவது, காலைப் பின்னே வீசாமல் விரல் நுனியால் சட்டெனக் குத்தி உதைப்பது. ஆனால் ஃபுட்சாலில் ஓப்சைட் விதி (பந்து பிரியும் முன்பே எதிரணியின் பின்கள வரிசையைத் தாண்டி நிற்பது தவறு என்பது) இல்லை. தலையால் மோதும் பந்து அரிது, முப்பது மீற்றர் ஓட்டத்துக்கு இடமும் இல்லை. ஆறு மாதம் இப்படி ஆடிவிட்டு ஏப்ரலில் பெரிய மைதானத்துக்கு வந்ததும் முதல் வாரங்களில் திரும்பத் திரும்ப ஓப்சைட் கொடி உயரும். பின்கள வரிசையோடு ஒரே கோட்டில் தோளைச் சாய்த்து நின்று, பந்து சக வீராங்கனையின் காலை விட்டுப் பிரியும் கணத்தில் புறப்படும் பழக்கம் மறந்துபோயிருக்கும். உள்ளரங்கிலேயே வாரம் இருமுறை, தரையில் ஒரு நாடாவை ஒட்டி, பந்து பிரியும் முன் நாடாவைத் தாண்டினால் செல்லாது என்று வைத்துப் பதினைந்து நிமிடம் பயிற்சி கொடுத்தால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

பந்தும் குளிருக்கு மாறும். ஐந்தாம் இலக்கப் பந்தை அறைக்குள் 20 பாகையில் 0.8 வளிமண்டல அழுத்தத்துக்கு நிரப்பி, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்குக் கொண்டுபோனால் அழுத்தம் ஏறத்தாழ 0.6க்கு இறங்கிவிடும்; விதிப்புத்தகத்தின் கீழ் எல்லையே 0.6தான். அந்தப் பந்து மந்தமாகத் துள்ளும். எனவே பந்தை வெளியில் வைத்து அரை மணி நேரம் குளிரவிட்ட பிறகு அழுத்தத்தை அளந்து நிரப்ப வேண்டும். அத்தோடு உலான்பாதர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று இங்கிருப்பதை விடப் பத்து வீதத்துக்கு மேல் ஐதானது, நீளமாக உதைத்த பந்து சில மீற்றர் கூடுதலாகப் பறக்கும். அந்தத் தூரத்துக்கு ஓடிப் பழகிய முன்கள வீராங்கனை சியாங் மாய்க்கோ கொழும்புக்கோ வந்தால் பந்து அவருக்குப் பின்னே விழுகிறது. கூடவே ஜூன் மாத ஈரப்பதன். உடல் வெக்கைக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். சியாங் மாயில் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரைக்குமே பதின்மூன்று நாட்கள்தான். முன்கூட்டியே வந்து தங்கப் பணமில்லாத அணி, உடல் பழகும் நேரத்தில் ஊருக்குத் திரும்பிவிடும். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு இப்படியான அணிகள் கோல் மேல் கோல் வாங்குவதைத் திறமைக் குறைவு என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

செயற்கைப் புல்தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளமான ஸ்டட் (அடிக்குமிழ்) வைத்த பூட்ஸ் அதில் சிக்கிக்கொள்ளும், திரும்பும்போது பாதம் நிற்க முழங்கால் மட்டும் சுழலும். முழங்கால் சிலுவைத் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம், குணமாக ஒன்பது மாதமாவது வேண்டும். ஆறு மாத காலம் மட்டுமே வெளியில் ஆடும் நாட்டில் அது ஒரு முழுப் பருவத்தையே விழுங்கிவிடலாம். குட்டையான, எண்ணிக்கை கூடிய ஸ்டட் வைத்த பூட்ஸும், பீபாவின் ‘11 பிளஸ்’ உடல்சூடேற்றல் பயிற்சியும் (பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம்) பெரிய செலவில்லாத காப்பு. இலங்கையில் செயற்கைத் தரைக்கு மாறும் பாடசாலை அணிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயரில் நடக்கும் குழப்பம் உங்கள் குறிப்பிலும் இருந்தது. தகப்பனின் பெயரை வீராங்கனையின் பெயராக அச்சிட்டிருந்தீர்கள். மொங்கோலியருக்குக் குடும்பப் பெயர் வழக்கில் இல்லை. தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. முன்னாள் ஜனாதிபதி சாக்கியாகீன் எல்பெக்தோர்ஜ் என்றால், எல்பெக்தோர்ஜ்தான் அவர் பெயர், சாக்கியா தகப்பன். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல, எங்கள் முதலெழுத்தும் தகப்பனுடையதுதானே. சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் வரும் அணிப் பட்டியல்கள் சில தகப்பன் பெயரை முன்னும் சில பின்னும் போடுகின்றன, மொங்கோலியச் சிரிலிக் எழுத்தை ஆளுக்கொரு விதமாக மாற்றுகின்றன. ஒரே பெயர் ‘ஹுலான்’ என்றும் ‘குலான்’ என்றும் வரும். விளைவு, ஒருவரின் கோல்கள் இரண்டு பேரின் கணக்கில் பிரிந்துபோகின்றன. அல்லது தகப்பன் பெயர் ஒத்த இருவரின் கோல்கள் ஒருவருக்குச் சேர்கின்றன. பிறந்த திகதியையும் சட்டை இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிழை பிடிபட்டுவிடும். திருமணத்தால் அங்கே பெயர் மாறுவதில்லை, அந்த ஒரு வசதி உண்டு.

தொழில்வாழ்வு என்ற சொல்லுக்கு வருவோம். மொங்கோலியாவில் பெண்கள் உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பி வாழும் நிலை இன்னும் வரவில்லை, படிப்போடும் வேலையோடும்தான் ஆடுகிறார்கள். வெளிநாடு போவதென்றால் பக்கத்திலுள்ளவை சீனா, தென் கொரியா, 2021இல் தொழில்முறை லீக் ஆரம்பித்த ஜப்பான். மூன்றும் ஆசியாவின் உச்சப் படிகள். இடைப்படி இல்லை. தெற்காசியாவில் அந்த இடைப்படியாக இந்திய மகளிர் லீக் இருக்கிறது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆயுதப் பொலிஸ் படைக் கழகத்தில் ஆடி, தமிழ்நாட்டின் சேது எப்.சி.க்கும் கோகுலம் கேரளாவுக்கும் வந்து, அங்கிருந்து இஸ்ரேலின் ஹப்போயல் ரஅனானாவுக்கும் 2024 தொடக்கத்தில் பிரான்ஸின் கங்காம் கழகத்துக்கும் போனார். பங்களாதேஷின் சபினா காத்தூன் 2015இல் மாலைதீவில் ஆடினார், 2018இல் சேது எப்.சி.யில் ஆடினார், 2022இல் தன் நாட்டுக்குத் தெற்காசியக் கிண்ணத்தைத் தலைவியாக வென்று கொடுத்தார், எட்டுக் கோல்களோடு. கோல் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் இவர்களை யாரும் அழைத்திருக்கமாட்டார்கள். முழு ஆட்டத்தின் ஒளிப்பதிவும், அறியப்பட்ட எதிரணிகளுக்கு முன் ஆடிய நிமிடங்களும் கழகங்களுக்குக் கையில் கிடைத்திருக்கும். மொங்கோலிய வீராங்கனைக்கு அதுதான் இல்லை.

இலங்கைக்கு அந்த இடைப்படி பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 2025 தகுதிகாண் சுற்றில் உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸ் ஆகியவற்றின் குழுவில் ஆடிய எங்கள் அணியில் முன்களத்தில் நின்ற ஒருவரின் தொழில்வாழ்வை இன்று யாராவது எழுத முனைந்தால் என்ன கிடைக்கும்? தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி போன்ற பாடசாலைகள் தேசிய மட்டத்துக்குப் பெண்கள் அணிகளைத் தயார்படுத்தி வருகின்றன. அங்கிருந்து பிள்ளைகள் கழகங்களுக்கும் முப்படை அணிகளுக்கும் போகிறார்கள். ஆனால் பாடசாலைக் காலத்தில் போட்ட கோல் பெரும்பாலும் அடுத்த நாள் பத்திரிகையில் ஒரு வரி, அத்தோடு சரி.

செய்ய வேண்டியது மலைபோன்ற வேலை இல்லை. 80 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். ஒரு போட்டிக்கு ஒரு பக்கம். மேலே திகதி, மைதானம், தொடர், வயதுப் பிரிவு, ஆட்டத்தின் நீளம் (பாடசாலை ஆட்டம் தொண்ணூறு நிமிடம் அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள்). கீழே ஒவ்வொரு வீராங்கனைக்கும் உள்ளே வந்த நிமிடம், வெளியேறிய நிமிடம், நின்ற இடம். கோல் என்றால் நிமிடம், எந்தக் கால் அல்லது தலை, பந்தைக் கொடுத்தவர், தண்டனை உதையா இல்லையா. எதிரணியின் காலில் பட்டுத் திரும்பிய பந்தானால், அது வீராங்கனையின் கோலா சொந்தக் கோலா என்று நடுவரின் தாளில் உள்ளபடி. ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையொப்பமிட்ட தாளைக் கைபேசியில் படம் பிடித்து அதே பக்க இலக்கத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பயிற்றுநரிடம் விடக்கூடாது. பயிற்றுநரின் கண் ஆட்டத்தில் இருக்கும், மாற்றம் செய்த நிமிடம் தவறும். அணியில் இடம் கிடைக்காத பிள்ளை ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ கடிகாரத்தோடு உட்கார வேண்டும்.

பதிவுக்குப் பணப் பெறுமதியும் உண்டு. பீபா விதிப்படி ஒரு வீராங்கனை ஒப்பந்தக் காலத்துக்குள் கட்டணத்துக்குக் கைமாறினால், அந்தத் தொகையில் ஐந்து வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்படும். 15 வயது வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணத்தின் கால் வீதம், அதன் பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வீதம். ஆண்கள் ஆட்டத்தில் உள்ள பயிற்சி இழப்பீடு பெண்களுக்குப் பொருந்தாததால், கைமாற்றத்தில் சிறு கழகத்துக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது இதுவே. அந்தந்த ஆண்டில் பிள்ளை முறையாகப் பதிவுசெய்யப்பட்டிருக்காவிட்டால் அதுவும் இல்லை. 18 வயதுக்கு முன் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறுவதற்கு, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதியில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முகவர் என்று வருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் விளையாட்டுப் பிரிவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மொங்கோலியரானாலும் மன்னாரின் பிள்ளையானாலும் ஒரு முன்கள வீராங்கனையைப் பற்றி எழுதும்போது கணக்கை இப்படி ஒரு வரியாக அச்சிடுங்கள்: “ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்று: 4 போட்டி, 310 நிமிடம், 1 கோல் (தண்டனை உதை இல்லை)”. அடுத்த வரியில் எதிரணிகளின் பெயர். நட்புப் போட்டிக்கு ஒரு வரி, வயதுப் பிரிவுக்கு ஒரு வரி, ஃபுட்சாலுக்கு ஒரு வரி, ஒன்றோடொன்று கூட்டாமல். பக்கத்தில் இடம் போதாவிட்டால் உயரத்தையும் பிடித்த வீரர் யார் என்பதையும் எடுத்துவிடலாம்.

இவ்வண்ணம்,
மகளிர் உதைபந்தாட்டப் பதிவுகளைத் தொகுக்கும் வாசகர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.